ஊரடங்கில் வீட்டுக்குள் பார்த்தது: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று

செல்லூர் மருமகள்:

2020 மே 4, மீனாட்சி திருக்கல்யாணம். சித்திரைத் திருவிழாவே கிடையாது என்று ஆகிவிட்ட வருஷம். கோயிலுக்குள் சில பட்டர்கள் மட்டும் நின்று கல்யாணத்தை நடத்திவைத்தார்கள், ஊரே வீட்டிலிருந்து நேரலையில் பார்த்தது. அம்மனுக்குத் தாலி ஏறும்போது நாமும் கயிறு மாற்றிக்கொள்வோம் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். மற்ற வருஷமெல்லாம் தெருப் பெண்களோடு நான் ஆடி வீதிக்குக் கிளம்பிவிடுவேன். அத்தை வீட்டைப் பார்த்துக்கொள்வார்.

அன்றைக்கு டிவி முன்னால் நானும் நாத்தனாரும் தாம்பாளத்தில் மஞ்சள் கயிறும் குங்குமமும் எடுத்துவைத்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் அத்தை பூக் கட்டிக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் கேட்டதும் பூவை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டார். யாரும் போகச் சொல்லவில்லை. அடுப்பில் எதுவும் இல்லை. நாங்கள் முடிச்சுப் போட்டு முடிக்கிற வரைக்கும் உள்ளே பாத்திரம் அடுக்கும் சத்தம். எல்லாம் காலையிலேயே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். அப்புறம் வெளியே வந்து, "பானகம் கலக்கட்டுமா?" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

மாமா இறந்தது எனக்குக் கல்யாணமாவதற்கு முன்னால். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவர் இப்படி எழுந்து போவதை ஊரடங்கு வந்துதான் பார்த்தேன். கூப்பிட்டால் வருவாரா, கூப்பிடுவதே அவரை நோகடிக்குமா? இன்றைக்கும் தெரியவில்லை.

திருப்பூர் லைன் வீடு:

எங்கள் வீட்டுக் கதை வேறு. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அம்மா செக்கிங். மார்ச் கடைசியில் கம்பெனியும் மூடியாச்சு, டாஸ்மாக்கும் மூடியாச்சு. முதல் வாரம் அப்பாவுக்குக் கை நடுங்கியது, ராத்திரி தூக்கமில்லை, யாரோடும் பேசவில்லை. அதைத் தாண்டிய பிறகு அவர் வேறு ஆள். வாசலில் சாக்பீஸால் கட்டம் போட்டு என்னையும் தம்பியையும் தாயம் ஆடக் கூப்பிடுவார். தாயம் விழாவிட்டால் கட்டையை ஊதி ஊதி உருட்டுவார். அம்மா நிலைப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பார். அம்மா அப்படி உட்கார்ந்து பார்த்ததே நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

மே 7, கடை திறந்த நாள். எங்கள் ஊரில் குடையோடு வந்தால்தான் சரக்கு என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குக் கடைசிக் காய் பழமாக ஒரே ஒரு தாயம் வேண்டும். கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சட்டை போட்டார். தம்பி விவரமானவன், குடையை முந்தின நாளே பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டான். அப்பா கட்டிலுக்கு அடியில், பரண் மேல் எல்லாம் தேடினார். நாங்கள் வாய் திறக்கவில்லை. அம்மாதான் போய் பீரோவுக்குப் பின்னால் கையைவிட்டு எடுத்து, ஒட்டடையை முந்தானையால் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

மறுநாளே ஐகோர்ட் கடைகளை மூடச் சொன்னது, 16-ஆம் தேதி திரும்பவும் திறந்துவிட்டார்கள். அதெல்லாம் இருக்கட்டும். வீட்டில் யாரைவிடவும் அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தது அம்மா. அவர் ஏன் எடுத்துக் கொடுத்தார்?

கோபி மெடிக்கல்:

திருப்பூர் தங்கச்சி, கை நடுங்கியது, தூக்கமில்லை என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அதை அப்படி விடக் கூடாது. தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் முதலில் நடுக்கமும் வியர்வையும் வரும். சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பு வரும், அப்புறம் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்து. என் மச்சான் மூன்றாம் நாள் ராத்திரி சுவரைப் பார்த்து மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா காத்துக் கருப்பு என்று நினைத்து வேப்பிலை தேடினாள். ஊரடங்குப் பாஸ் எல்லாம் பார்க்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம், பிழைத்தார். அவ்வளவுதான் என் கதை.

இனி எல்லோருக்கும் சொல்கிறேன். இப்படிப்பட்டவரை வீட்டில் பூட்டிவைத்துத் திருத்தப் பார்க்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே மருந்தோடு படிப்படியாக நிறுத்த வைப்பார்கள். தயமின் என்ற பி1 சத்து ஊசியும் போடுவார்கள். குடிகாரர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், அது இல்லாவிட்டால் மூளை பாதிக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு ஃபோன் செய்து கேளுங்கள். கடைகளில் தூக்க மாத்திரை கேட்டு வராதீர்கள், சீட்டு இல்லாமல் நாங்கள் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. ஷேவிங் லோஷனையும் வார்னிஷையும் குடித்து ஆட்கள் செத்தது அந்த ஏப்ரலில் பத்திரிகையில் வந்ததே, மறந்துவிட்டோமா? நிறுத்தியபின் வீட்டில் பழசைச் சொல்லிக் குத்திக்காட்டாமல் இருப்பதும் மருந்துதான். வேளாவேளைக்குச் சாப்பாடு, நிறையத் தண்ணீர். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? கல்லீரல் சோதனை செய்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

செல்லூர் சகோதரிக்கு. யாரும் சொல்லாமல் அவராகவே எழுந்து போனார் என்றால் அது அவருடைய நம்பிக்கை. அந்தத் தலைமுறைக்கு அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. என் தாயாரும் அப்படித்தான் இருந்தார், ஒருநாளும் குறைபட்டதில்லை. பெரியவர்களை மாற்ற நினைத்துச் சங்கடப்படுத்த வேண்டாம்.

சின்னமனூர் அப்பா:

என் மகன் அந்த வருஷம் பத்தாவது. மார்ச் 27-இல் தொடங்க வேண்டிய பரீட்சை ஜூன் 1-க்குப் போய், அப்புறம் 15-க்குப் போனது. அரையாண்டின்போது டைஃபாய்டில் படுத்தவன், கணக்கில் 38. அதை ஈடுகட்ட வேண்டும் என்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலிலேயே அந்த வெயிலெல்லாம் படித்தான். ஜூன் 9 அன்று பரீட்சை ரத்து, எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்று கணக்கு. தெருப் பிள்ளைகள் குதித்தார்கள். இவன் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குளித்துத் திருநீறு பூசி, பழைய கணக்கு வினாத்தாள் ஒன்றையும் பரீட்சை அட்டையையும் எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தான். "அப்பா, நீங்க சூப்பர்வைசர். பேசக் கூடாது" என்றான். உட்கார்ந்தேன். கூடுதல் தாள் வேண்டுமென்று எழுந்து நின்று கேட்டான், கொடுத்தேன். நூல் கட்டி என் கையில் தந்தான். நான் எட்டாவதோடு நிறுத்தியவன், அதைத் திருத்த எனக்குத் தெரியாது. இப்போது டிப்ளமோ முடித்து ஓசூரில் வேலையில் இருக்கிறான். ஒவ்வொரு கம்பெனி விண்ணப்பத்திலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள், அந்த 38-ஐ வைத்துப் போட்ட மார்க்கைத்தான் அவன் எழுத வேண்டியிருக்கிறது. அவன் எழுதிய தாள் என் பீரோவில் இருக்கிறது.

திருப்பூர் லைன் வீடு:

கோபி அண்ணா, நன்றி. ஆனால் நான் கேட்டது அப்பாவின் உடம்பைப் பற்றி இல்லை, அம்மாவைப் பற்றி. குடை கிடைக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று எங்களைவிட அவருக்குத்தான் தெரியும் என்று தம்பி சொல்கிறான். இருக்கலாம். எனக்கு அது போதவில்லை.

காரைக்குடி:

ஆசிரியர் ஐயா, நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தாயாரிடம் கேட்டீர்களா?

2021 மே மாதம், இரண்டாம் அலையில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். சாவு வீட்டில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது. அந்த 20 பேரும் பயத்தில் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானத்துக்கு மகன் மட்டும் போனான். பூ வைத்து, வளையல் உடைத்து, பொட்டை அழிக்க என்று வருகிற பெண்கள் ஒருத்தரும் வரவில்லை. பதினாறாம் நாள் நானும் மருமகளும் மட்டும் கூடத்தில் இருந்தோம். அவள் கேட்டாள்: "அத்தை, வளையலை என்ன செய்யணும்?" நான், "கையிலே இருக்கட்டும்" என்றேன். அவ்வளவுதான் அந்தச் சடங்கு.

அவர் இல்லாத துக்கம் வேறு. அது எனக்கு எந்த நாளும் தீராது. ஆனால் அழித்து, உடைத்து, மூலையில் உட்காரவைக்க ஆளில்லாமல் போனதால்தான் நான் இன்றைக்குக் கூடத்தில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஊர் திறந்தபின் பங்காளிகள் வந்து என் கையைப் பார்த்தார்கள். மருமகள் முன்னால் வந்து, "காபி சாப்பிடுங்க" என்று டம்ளரை நீட்டினாள். பேச்சு அதோடு நின்றது.

செல்லூர்க்காரம்மா, நீங்கள் ஒருமுறை கேளுங்கள். வரமாட்டேன் என்று அவர் சொன்னால் அது அவர் முடிவு. என் தங்கை மகள் கல்யாணத்தில் திருப்பூட்டும் நேரத்தில் நான் பின்வரிசைக்கு நகர்ந்தேன், பழக்கம் காலைத்தான் முதலில் இழுக்கிறது. அவள் மணவறையிலிருந்தே, "பெரியம்மா, மாலையை நீங்க எடுத்துக் குடுங்க" என்றாள். ஒருவர் முணுமுணுத்தார். நான் எடுத்துக் கொடுத்தேன்.