கடைக் கொம்பியூட்டருக்கு அப்டேற் எப்ப போடுறது?

கம்பஸடிக் கடை:
வணக்கம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில கம்பஸுக்குக் கிட்ட போட்டோகொப்பி, ரைப்செற்றிங் கடை வச்சிருக்கிறன். ரெண்டு மெசின், ஒண்டு விண்டோஸ் 11, மற்றது பழைய 10. போன புதன் காலமை பைனல் இயர் பிள்ளை ஒண்டு தீசிஸ் பிறின்ற் எடுக்க வந்தது, பத்தரைக்குள்ள குடுக்க வேணுமாம், நான் மெசினைப் போட்டா அப்டேற் ஓடுது, 30 வீதத்தில நிண்டது நிண்டதுதான், பிள்ளை அழுவாரைப்போல நிண்டிட்டு பக்கத்துக் கடைக்கு ஓடினது. எனக்கு அண்டைக்கு முழுக்க மனமே சரியில்ல. அப்டேற்றை ஒரேயடியா நிப்பாட்டி விடலாமோ, இல்லாட்டி போடுறதுக்கு நல்ல நாள் எண்டு ஒண்டு இருக்கோ?

கொக்குவில் பெடியன்:
நான் நிப்பாட்டி ரெண்டு வருசம் அண்ணை. ஒரு பிரச்சினையும் இல்ல, டேற்றாவும் மிச்சம்.

நெல்லியடி அக்கா:
தம்பி கொக்குவில், வீட்டு மெசின் எண்டாலும் அது சரியில்ல, கடை எண்டா கட்டாயம் கூடாது. நாளுக்கு எத்தின பெடியள் பென் டிறைவ் கொண்டுவந்து குத்துறாங்கள் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. 2017 மே 12 வன்னாகிறை எண்டு பைலுகளைப் பூட்டிப்போட்டுக் காசு கேக்கிற வைரஸ் வந்து இங்கிலாந்தில கன ஆஸ்பத்திரியள் படுத்ததே, அதுக்கான அப்டேற் மார்ச் 14 இலயே வந்திட்டுது. ரெண்டு மாசமாப் போடாத ஆக்கள்தான் கூடுதலா மாட்டினது.

கடைக்கார அண்ணை, உங்களுக்குப் புதன்கிழமை நடந்ததுக்குக் காரணம் இருக்கு. மைக்றோசொவ்ற் மாதாந்த அப்டேற் விடுறது ரெண்டாவது செவ்வாய், அமெரிக்காவில காலமை 10 மணி, எங்களுக்கு அது இரவு பத்தரை பதினொண்டரை. அப்ப நீங்கள் கடை திறக்கிற நேரம் மெசின் அதை இழுக்கத் தொடங்கும். வந்த உடன போடவும் வேண்டாம். 2021 மார்ச் 9 வந்த அப்டேற்றைப் போட்ட மெசினுகளில சில வகைப் பிறின்ரருக்குப் பிறின்ற் குடுத்த உடன நீலத்திரை வந்து மெசின் நிண்டது, திருத்தம் 15ஆம் திகதிதான் விட்டவை. பிறின்ற் கடைக்கு அந்த ஆறு நாள் எப்பிடி இருந்திருக்கும்? அதால அந்தச் செவ்வாய்க்கு அடுத்து வாற ஞாயிறை விட்டிட்டு, அதுக்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் போடுங்கோ. அதுவரைக்கும் செற்றிங்ஸில விண்டோஸ் அப்டேற்றுக்குள்ள ரெண்டு கிழமைக்கு போஸ் பண்ணி விடலாம், அஞ்சு கிழமை மட்டும் விடும், ஆனா அவ்வளவுக்கு இழுக்காதேங்கோ. அக்ரிவ் அவர்ஸ், அதுதான் மெசின் தானா றீஸ்ராட் ஆகாத நேரம், அதையும் கடை நேரத்துக்கு மாத்துங்கோ. மாசக் கடைசியில பிறிவியூ எண்டு அடுத்த அப்டேற்றின்ர முன்னோட்டம் ஒண்டு வரும், அதைத் தொடத் தேவையில்ல. குறோம் மாதிரி பிறவுசருகளுக்கு மட்டும் காத்திருக்கிறேல்ல, வந்த அண்டைக்கே போடுறது.

சுன்னாகம்:
அக்கா சொன்னது சரி, நான் கரண்டைப் பற்றிச் சொல்லுறன். ஐப்பசி கார்த்திகை மழைக்குள்ள மின்னல் முழக்கம் எண்டா அந்த ஞாயிறு போடாதேங்கோ, திங்கள் இரவு போடலாம். றீஸ்ராட் ஆகேக்க கரண்ட் போனா கூடுதலாப் பழைய நிலைக்குத் திரும்பி வரும், ஆனா வராமலும் போகும், எங்கட வீட்டு மெசின் ஒருக்கா எழும்பவேயில்ல. யூபிஎஸ் பற்றறி இழுக்குதோ எண்டு முதல் பாருங்கோ. பிள்ளையளின்ர பைல் எல்லாத்தையும் வெளி ஹாட் டிஸ்க்கில கொப்பி எடுத்துக் கழட்டி வச்சிட்டு ஆரம்பியுங்கோ.

கம்பஸடிக் கடை:
பெரிய உபகாரம். இந்த மாசத்தில இருந்து ஞாயிறுதான். பழைய 10 மெசினை என்ன செய்ய, அதுக்கு ஒண்டும் வருதில்ல?

நெல்லியடி அக்கா:
10க்கு 2025 ஒக்டோபர் 14 ஓட சப்போட் முடிஞ்சுது, மேலதிக பாதுகாப்பு அப்டேற் திட்டத்தில சேர்த்தாத்தான் இனி வரும். விண்டோஸ் அப்டேற் பக்கத்தில சேரச் சொல்லிக் காட்டுதோ பாருங்கோ. அதுவரைக்கும் பென் டிறைவ் எல்லாத்தையும் 11 மெசினில குத்துங்கோ, 10ஐ ஸ்கானுக்கு மட்டும் வச்சிருங்கோ, இன்ரர்நெற் வேண்டாம்.

மறந்திட்டன், 11 மெசினில பிற்லொக்கர், அதுதான் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி, ஒன்னில இருந்தா அப்டேற் போட முதல் அதைத் திறக்கிற றிக்கவறி கீயை எடுத்து வையுங்கோ. 2024 ஜூலை அப்டேற்றுக்குப் பிறகு சில மெசினுகள் அதைக் கேட்டுக்கொண்டு நிண்டது. மைக்றோசொவ்ற் எக்கவுண்டுக்குள்ள டிவைஸ் பேருக்குக் கீழ 48 இலக்கம் கிடக்கும், கொப்பியில எழுதுங்கோ. கடையில வையாமல் வீட்டில வையுங்கோ.

கம்பஸடிக் கடை:
ஓம் அக்கா, இருக்குது. இப்பத்தான் எழுதி முடிச்சன்.