திராட்சை இலையைச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டா? எங்கள் வீட்டு அனுபவம்

மதுரை திருநகரில் எங்கள் மொட்டைமாடிப் பந்தலில் பன்னீர் திராட்சை ஏறி நான்கு வருடம் ஆகிறது. சின்னமனூர் சித்தப்பா கவாத்து செய்தபோது கொடுத்த குச்சி. பழம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, ஆனால் இலைக்குக் குறைவில்லை. தினமும் கூட்டி அள்ளிப் போடுவேன்.

போன தை மாதம், கவாத்து முடிந்து கொழுந்து விட்டிருந்த நேரத்தில் அக்கா வீட்டு மச்சான் வந்திருந்தார். குவைத்தில் பல வருடம் சமையல் வேலை பார்த்தவர். பந்தலைப் பார்த்ததும், "ஏம்மா, இதையா குப்பையில போடுற? அங்க இதை உப்புத்தண்ணியில போட்டு பாட்டில்ல விக்கிறாங்க" என்றார். அரபியில் வரக் இனப். வரக் என்றால் இலை, இனப் என்றால் திராட்சை. அன்று சாயங்காலமே செய்து காட்டினார்.

கொடி நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது இலையாகப் பறித்தார். உள்ளங்கை அகலம் இருந்தால் போதும். காம்பைக் கிள்ளிவிட்டு, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, உடனே பச்சைத் தண்ணீருக்கு மாற்றினார். பளிச்சென்ற பச்சை மங்கி, இலை துணி மாதிரி துவண்டுவிடுகிறது. நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, ஊறவைத்த சீரகச் சம்பா, வெங்காயம், புதினா, நல்லெண்ணெய் கலந்ததை ஒரு ஸ்பூன் வைத்து, பக்கவாட்டை மடக்கிச் சுருட்டினார். அரிசி வேகும்போது உப்பும் என்பதால் இறுக்கிச் சுருட்டக் கூடாது. சட்டியில் நெருக்கி அடுக்கி, பிரிந்துவிடாமல் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் விட்டு முக்கால் மணி நேரம் சிறு தீயில் வைத்தார்.

புளிச்சக்கீரை அளவுக்குப் போகாத இளம் புளிப்பு, கடைசியில் லேசாகத் துவர்ப்பு. ஒன்றை மென்று பார்த்த அப்பத்தா, "பிரண்டைக் கொழுந்து மாதிரில்ல இருக்கு" என்றார்! நாக்கால் கண்டுபிடித்துவிட்டார். பிரண்டையும் திராட்சையும் ஒரே தாவரக் குடும்பம். பற்றுக்கம்பி விட்டு ஏறும் விதத்தைப் பார்த்தாலே தெரியும். பிரண்டையைப் போல இது கையையோ நாக்கையோ அரிக்கவில்லை.

மறுநாள் அப்பத்தாவே உளுந்து, வரமிளகாய், பூண்டு வறுத்து, கொழுந்தை எண்ணெயில் வதக்கித் துவையல் அரைத்தார். புளி போடவில்லை, இலையின் புளிப்பே போதும். எனக்குச் சுருட்டியதைவிட இந்தத் துவையல்தான் பிடித்தது.

அடுத்த வாரம் நானாகச் செய்தபோது, சுருட்ட வசதியாக இருக்கும் என்று முற்றிய பெரிய இலையைப் பறித்துவிட்டேன். ஒரு மணி நேரம் வெந்தும் நார் நாராக இருந்தது. வீட்டில் யாரும் இரண்டாவது எடுக்கவில்லை.

கம்பம் பக்கத்திலிருந்து:
படித்ததும் ஒன்றை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. எங்களுக்குத் திராட்சைத் தோட்டமே இருக்கிறது, ஆனால் அந்த இலையைச் சமைக்க மாட்டோம். மழைக் காலத்தில் அடிச்சாம்பல் நோய் வந்தால் கொடி தாங்காது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடிப்போம், வேறு மருந்துகளும் உண்டு. சில மருந்து இலைக்குள்ளேயே இறங்கிவிடும், கழுவினாலும் போகாது. தோட்டத்து இலையை ஆட்டுக்குக்கூடப் போடுவதில்லை. சமையலுக்கென்று கிணற்றடியில் ஒரு கொடியை மருந்தே காட்டாமல் வைத்திருக்கிறோம். சொந்தக்காரர் தோட்டம்தானே என்று யாரும் பறித்து வந்துவிடாதீர்கள். பழமும் வேண்டும் என்றால், குலைக்கு எதிரே உள்ள இலையை விட்டுவிடுங்கள், குலைக்குத் தீனி அங்கிருந்துதான் போகிறது.

உசிலம்பட்டியிலிருந்து:
நாங்கள் கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போட்டோம். கொழுந்து இலை அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று வந்தது, பிள்ளைகள் விடவில்லை. அப்பாவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். இந்த இலையில் வைட்டமின் கே அதிகம், அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

திருநகரிலிருந்து மறுபடியும்:
இரண்டு பேருக்கும் நன்றி. எங்கள் கொடிக்கு இதுவரை வேப்பெண்ணெய்க் கரைசல் மட்டும்தான் அடித்திருக்கிறேன், அதையும் பறிப்பதற்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன். ஐம்பது இலை உப்புத்தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். மச்சான் ரமலானுக்கு வரும்போது கறி வைத்துச் சுருட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.