சொந்த ஊர்ல ஆடுறது லாபமா? நேர்ல பார்த்தவங்க சொல்லுங்க

தேனாம்பேட்டை சிப்பாய்
2013 நவம்பர் 21, சென்னை ஹயாத் ரீஜென்சி ஹோட்டல், ஆனந்த்–கார்ல்சன் உலக செஸ் சாம்பியன்ஷிப், ஒன்பதாவது கேம். இங்க இருக்கிறவங்களுக்கு இதுக்கு மேல முன்கதை வேண்டாம்னு நினைக்கிறேன். அப்பாவையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். போனை வெளியிலேயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்காங்க. நம்ம பக்கம் இருமினாக்கூட அவங்களுக்குக் கேக்காது.

ஆனந்த் ரெண்டு பாயிண்ட் பின்னாடி. ஜெயிச்சே ஆகணும்னு ராஜா பக்கம் சிப்பாயைத் தள்ளிக்கிட்டு செக்மேட்டுக்குப் போறார். ஹால்ல எல்லாரும் நாற்காலி நுனிக்கு வந்துட்டோம். கார்ல்சன் பி1 கட்டத்துல சிப்பாயை இறக்கி ராணி எடுத்து செக் வெச்சார். மந்திரியைக் குறுக்க வெச்சிருந்தா ஆட்டம் ஓடியிருக்கும். ஆனந்த் குதிரையைத் தூக்கி எஃப்1ல வெச்சார். கார்ல்சனோட ராணி ஈ1க்குப் போச்சு. அவ்வளவுதான், ஆனந்த் தோல்வியை ஒத்துக்கிட்டு கையை நீட்டிட்டார்.

யாரும் எழுந்திருக்கல. வெளியே வந்து அப்பாவும் நானும் சைதாப்பேட்டை வரைக்கும் நடந்தோம். பாலத்துக்கிட்ட வந்தப்பதான் அவர் வாயைத் திறந்தார்: "சென்னை வேண்டாம்னு அந்தக் கார்ல்சன் பையன் சண்டை போட்டானேடா. வேண்டாம்னு சொல்லியிருக்க வேண்டியது நம்மாளு."

பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அந்த வார்த்தை உறுத்துது.

பிளாக்ல ஆடுறவ
உங்க அப்பா சொன்னது அழகா இருக்கு, ஆனா ஒரு திருத்தம். கார்ல்சனோட நார்வேக்காரங்க போட்ட சண்டை ஊரைப் பத்தி மட்டும் இல்ல. ஏலமே விடாம ஃபிடே, அதாவது உலக செஸ் சம்மேளனம், சென்னைக்கு எழுதிக் கொடுத்துச்சு. பாரிஸ்காரங்க 26.5 லட்சம் யூரோவோட வந்து நின்னாங்க, அதுக்கு அப்புறமும் மாறல. அதுக்கு முந்தின தடவை, 2012ல, நாம கேட்டும் மாஸ்கோவுக்குப் போச்சே, அதுக்கு ஈடுகட்டத்தான் இதுன்னு ஒரு கணக்கு. நமக்கு நியாயமா தெரியும். கார்ல்சன் இடத்துல உட்கார்ந்து பாருங்க.

நான் உட்கார்ந்திருக்கேன். பெரிய மேட்ச் எல்லாம் இல்ல, மாவட்டத் தேர்வுப் போட்டி. பதிமூணு வயசுக்குக் கீழ, பெண்கள், கடைசி இடத்துக்கு ரெண்டு பேர் சமம். திங்கக்கிழமை ஒரே ஒரு ஆட்டம் வெச்சு முடிச்சுடலாம்னாங்க. எங்கன்னா, எதிராளி தினமும் கத்துக்கிற அகாடமி மாடியில. பெயர் வேண்டாம். எனக்குக் கறுப்பு. மேற்கு ஜன்னலைப் பார்த்த மாதிரி என் நாற்காலி.

மூணரை வரைக்கும் ஒண்ணும் தெரியல. நாலு மணிக்கு வெயில் உள்ள வந்துச்சு பாருங்க, முதல்ல என் ராஜா மேல, அப்புறம் பாதி பலகை மேல. பிளாஸ்டிக் காய் எல்லாம் மினுங்குது, வெள்ளையும் கறுப்பும் ஒரே நிறம். கர்ட்டன் போடச் சொன்னேன். "கர்ட்டன் இல்லையேம்மா"ன்னாங்க. எதிர்ல இருந்தவ நிமிர்ந்துகூடப் பார்க்கல. அவ தினமும் அங்க உட்கார்றவ. வெயில் எத்தனை மணிக்கு எந்தக் கட்டத்துக்கு வரும்னு அவளுக்குத் தெரியும். வேகமா ஆடி மூணு இருபதுக்கெல்லாம் சிக்கலான பொசிஷன் கொண்டு வந்து வெச்சிருந்தா. அது தற்செயலா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

மைன் கரையான்
ஊர் எண்டால் பல்கேரியாவின்ரை சோபியாதான், ஆனந்த் அங்கை உலகச் சாம்பியன் மேட்ச் ஆடினவர். 2010 சித்திரை, ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலாலை ஒரு பிளேனும் பறக்கேல்லை. நான் கொழும்புக்கு வெளிக்கிட்டு பிராங்க்பேட் எயார்போட்டிலை ரெண்டு இரவு கிடந்தனான். மடக்குக் கட்டில் வரிசையாப் போட்டிருந்தவை. பக்கத்துக் கட்டில் கிழவி இரவு முழுக்க எழும்பி எழும்பி போர்டைப் பாத்தவ. ஒவ்வொரு வரியிலும் ரத்து, ரத்து.

அந்த நாட்களிலைதான் ஆனந்தும் பிராங்க்பேட்டிலை மாட்டுப்பட்டவர் எண்டு பிறகு வாசிச்சன். வான் ஒண்டு பிடிச்சு ஒஸ்ரியா, ஹங்கேரி, ருமேனியா எண்டு நாப்பது மணித்தியாலம் ஓடித்தான் சோபியா போய்ச் சேர்ந்தவர். மூண்டு நாள் தள்ளி வையுங்கோ எண்டு கேட்டதுக்கு ஒரு நாள்தான் குடுத்தவை. எதிராளி தொபலோவ், பல்கேரியாக்காரன். சொந்த வீட்டிலை நித்திரை கொண்டு எழும்பி வாறவன். முதல் ஆட்டம் முப்பது நகர்த்தலிலை ஆனந்துக்குத் தோல்வி.

எண்டாலும் கடைசி ஆட்டத்திலை, கறுப்போடை, தொபலோவின்ரை ஊரிலையே வெண்டு போட்டு வந்தவரெல்லோ. தேனாம்பேட்டைத் தம்பி, அப்பாவிட்டை இதையும் சொல்லுங்கோ.

ஓய்வுபெற்ற ஆர்பிட்டர்
எனது அனுபவம் சிறியது. 1994ல் ஹைதராபாத் பக்கம் சங்கி நகரில் அமெரிக்காவின் கம்ஸ்கியுடன் ஆனந்த் ஆடிய உலகச் சாம்பியன் தகுதிச்சுற்று மேட்சில் ஒரு நாள் பார்வையாளனாக இருந்தேன். நம் நாடு, நம் கூட்டம், ஆனந்த் முன்னிலை. கம்ஸ்கி சமன் செய்து, ரேபிட் என்னும் வேக ஆட்டத்தில் ஜெயித்து முடித்துவிட்டார். கம்ஸ்கியின் தந்தையை அன்று பத்தடி தூரத்தில் பார்த்தேன். அந்தக் கண்ணை மறக்க முடியாது.

இருக்கட்டும். இங்கே யாருமே தீர்வு பேசவில்லை என்பதால் சொல்கிறேன். முதலில், சாம்பியனை எதிர்த்து ஆடும் சேலஞ்சர் யார் என்று முடிவாகும் முன்பே ஊரை முடிவு செய்துவிட வேண்டும். அப்போது யாருக்கும் சாதகம் என்ற பேச்சே வராது. ஆனால் ஸ்பான்சர் வரமாட்டார், அது வேறு விஷயம். ஆடுபவர் யார் என்று தெரியாமல் எந்த அரசு பணம் போடும்? ஆகவே இரண்டாவது வழி, இருவரிடமும் எழுத்தில் சம்மதம். 1983ஐ நினைத்துப் பாருங்கள். காஸ்பரோவ்–கோர்ச்னோய் அரையிறுதியை அமெரிக்காவின் பசடேனாவில் வைத்தார்கள், காஸ்பரோவின் சோவியத் தரப்பு போகமாட்டோம் என்றது. கோர்ச்னோய் வந்து காலி நாற்காலிக்கு எதிரே ஒரு காயை நகர்த்திவிட்டு வெற்றி வாங்கிக்கொண்டார். கடைசியில் லண்டனில் மறுபடி ஆடி காஸ்பரோவ் ஜெயித்தார். ஊர் சண்டையில் காஸ்பரோவ் என்ற அந்தப் பையனின் வாழ்க்கையே போயிருக்கும்.

அதனால் ஆளுக்குப் பாதி என்பதே சிறந்தது. 1972 ஃபிஷர்–ஸ்பாஸ்கி உலகச் சாம்பியன் மேட்சையே பாதி பெல்கிரேட், பாதி ரெய்க்யவிக் என்றுதான் பேசினார்கள். பெல்கிரேட் விலகியதால் முழுதும் ஐஸ்லாந்து போயிற்று. பெண்கள் உலகச் சாம்பியன்ஷிப்பில் 2023ல் அழகாகச் செய்தார்கள். முதல் ஆறு ஆட்டம் ஷாங்காயில், அது ஜு வென்ஜுன் ஊர். அடுத்த ஆறு சோங்சிங்கில், அது லெய் திங்ஜியே ஊர். மேலும் ஹோட்டல் அறை, சாப்பாடு, விளக்கு வெளிச்சம், நாற்காலி உயரம் எல்லாவற்றையும் மூன்று மாதம் முன்பே இரு தரப்பும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பெண்மணி எழுதியிருக்கும் பிரச்சினையில்கூட, ஆட்டம் தொடங்குமுன் பலகையைத் திருப்பிப் போடக் கேட்டிருக்கலாம். அல்லது நடுவரான ஆர்பிட்டரிடம் எழுத்தில் அப்பீல் கொடுத்திருக்கலாம். விதியில் இடம் இருக்கிறது.

தெம்பனிஸ் தம்பி
சார், அனுபவம் நாலு வரி, அட்வைஸ் நாற்பது வரி 😀 அதுவும் உங்க உதாரணமே உங்களைக் காலை வாருது. அந்த 2023 மேட்ச்ல லெய் ஜெயிச்ச ஒரே ஆட்டம் ஷாங்காய்ல. ஜு ஜெயிச்ச ரெண்டும் சோங்சிங்ல. ஆளுக்கு ஆள் அடுத்தவ ஊர்ல போய் அடிச்சிருக்காங்க. பாதி பாதி போட்டு என்ன கண்டோம்?

என் கதை சின்னது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர் செந்தோசா, டிங் லிரன்–குகேஷ் உலகச் சாம்பியன்ஷிப் கடைசி ஆட்டம். அந்த மேட்சை சென்னையும் கேட்டுச்சு, டெல்லியும் கேட்டுச்சு, கடைசியில எங்க ஊருக்கு வந்துச்சு. பொதுவான ஊர்னு எல்லாரும் எழுதினாங்க. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. இங்க வந்து பாருங்க, சீனாவோட டிங் லிரனுக்கும் ஆள் இருக்கு, குகேஷுக்கும் ஆள் இருக்கு. யாருக்கும் ஊர் இல்லாத ஊர்னு ஒண்ணு இருந்தா அது அன்டார்டிகாதான்.

ரசிகர்கள் உட்கார்ற இடத்துல ஸ்கிரீன் முன்னாடி நானு, பக்கத்துல ஒரு சீன அங்கிள். காலையிலேருந்து அவர் ஒரு வார்த்தை பேசல, நானும் பேசல. ஆட்டம் டிராதான்னு நினைச்சு நான் பையைத் தோள்ல மாட்டிட்டேன். டிங் யானையை எஃப்2ல வெச்சார், பெரிய தப்பு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "அய்யோ"ன்னோம். சிங்கப்பூர்ல சீனரும் அதையேதான் சொல்வாங்க, தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஆனா என்னோட அய்யோ வேற, அவரோட அய்யோ வேற. ஸ்கிரீன்ல குகேஷ் கண்ணு விரியுது.

குகேஷ் ஜெயிச்சு முடிஞ்சதும் இந்தப் பக்கம் ஆட்டம் பாட்டம். குகேஷ் அழுதுக்கிட்டே காயை எல்லாம் திரும்ப அதது கட்டத்துல அடுக்கினார். அங்கிள் அதைப் பார்த்துட்டு இருந்தார், நான் போனைத் தூக்கி வீடியோ எடுத்துட்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தா நாற்காலி காலி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தேனாம்பேட்டை சிப்பாய்
மைன் கரையான் அண்ணே, சோபியாவை அப்பாகிட்ட அன்னைக்கே சொன்னேன். "அங்க தோத்தாலும் ஊருக்குத் திரும்பி வந்திருக்கலாம்ல, இங்க தோத்தா எங்க போவான்?"னு கேட்டார்.

பிளாக்ல ஆடுறவ
ஆர்பிட்டர் சார், எழுத்துல அப்பீல்னீங்க. எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. பேனா கொண்டு போனது ஸ்கோர் ஷீட் எழுத. அதுலயும் முப்பத்தொண்ணாவது நகர்த்தலுக்கு அப்புறம் என் கையெழுத்து எனக்கே புரியல, அவ்வளவு வெயில்.