லாரி ஹோம்ஸை ஹெவிவெயிட் வரிசையில எங்க வைப்பீங்க?

மணலி பாக்சர்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்குற கேள்வி. எங்க பாக்சிங் கிளப்ல ஹெவிவெயிட் பேச்சு வந்தாலே அலி, டைசன், ஃபோர்மன், ஃப்ரேசியர்னு நாலு பேரைச் சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடுறாங்க. 1978-லேருந்து 1985 வரைக்கும் ஏழு வருஷத்துக்கு மேல பெல்ட்டை வச்சிருந்து 20 தடவை டைட்டிலைக் காப்பாத்துன லாரி ஹோம்ஸ் பேரை ஒருத்தரும் எடுக்குறதில்ல. அந்தக் காலத்துல அதைவிட அதிகமா டிஃபென்ஸ் பண்ணது ஜோ லூயிஸ் மட்டும்தான், 25. நான் ஹோம்ஸை டாப் 5-ல வைப்பேன். நான் அதிகமா தூக்கிப் பேசுறேனா, இல்ல நிஜமாவே அந்த மனுஷனுக்கு அநியாயம் நடந்துச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதினஞ்சாவது ரவுண்டு:
டாப் 10-ல கண்டிப்பா உண்டு ப்ரோ, டாப் 5 எனக்கு ஒப்பல. எண்ணிக்கைய மட்டும் பாக்கக்கூடாது, யார்கூட ஆடுனாருன்னும் பாக்கணும். அவர் மோதுன ஆளுங்கள்ல பாதிப் பேர் இன்னைக்கு யாருக்கும் ஞாபகம் இல்ல. ஃப்ரேசியரோட பையன் மார்விஸ் பத்து ஃபைட் ஆடுன சின்னப் பையன், அவரை 1983-ல முதல் ரவுண்டுலயே முடிச்சதையும் ஒரு டிஃபென்ஸா சேத்து எண்ணுறாங்க. கிரெக் பேஜ்கூட ஆட வேண்டிய நேரத்துல டபிள்யூபிசிங்கிற பாக்சிங் அமைப்போட பெல்ட்டை விட்டுட்டு ஐபிஎஃப்ங்கிற இன்னொரு அமைப்பு பக்கம் போயிட்டாரு. விதர்ஸ்பூன், கார்ல் வில்லியம்ஸ் ரெண்டு ஃபைட்டும் ரொம்ப நெருக்கம், அந்தப் பக்கம் பாயிண்ட்ஸ் போயிருந்தாக்கூட யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாங்க. அப்புறம் எடை கம்மியான லைட் ஹெவிவெயிட் பிரிவுலேருந்து ஏறி வந்த மைக்கேல் ஸ்பிங்ஸ்கிட்ட 1985-ல தோத்தாரு. 48-0ல, அதாவது 48 ஜெயிச்சு ஒண்ணுகூட தோக்காம இருந்த ஆளு, இன்னும் ஒண்ணு ஜெயிச்சிருந்தா பழைய ஹெவிவெயிட் சாம்பியன் மார்சியானோவோட 49-0க்குச் சமம். தோத்த கோவத்துல மார்சியானோவைப் பத்தி தரக்குறைவா பேசிட்டாரு, அப்புறம் மன்னிப்பும் கேட்டாரு, ஆனா அந்த ஒரு பேச்சுதான் பல பேர் மனசுல நின்னுபோச்சு.

இடது கை ஜாப்:
அண்ணே நீங்க சொல்றதுல உண்மை இருக்கு, ஆனா ஆள் யாருன்னு பாக்கணும்னா 1978 ஜூன்ல, அப்ப டபிள்யூபிசி சாம்பியனா இருந்த கென் நார்ட்டன்கூட ஆடுன ஃபைட்ல ஆரம்பிக்கணும். 14 ரவுண்டு முடிஞ்சப்ப மூணு ஜட்ஜ் கார்டுலயும் சமம். ஹோம்ஸுக்கு இடது கையில ஏற்கனவே காயம், அவரோட மெயின் ஆயுதமே அந்தக் கைதான். அந்த நிலைமையில கடைசி மூணு நிமிஷத்த ஒருதடவை உக்காந்து பாருங்க, ரெண்டு பேரும் நடு ரிங்குல நின்னுக்கிட்டு ஒரு அடி பின்வாங்காம மாத்தி மாத்திப் போடுறாங்க, கட்டிப் பிடிக்கிறதெல்லாம் கிடையாது. கடைசில ரெண்டு ஜட்ஜ் 143-142னு ஹோம்ஸுக்கு, ஒருத்தர் அதே கணக்குல நார்ட்டனுக்கு. ஒரே ஒரு பாயிண்ட்.

ஜாப் (முன்னாடி இருக்குற கையால நேரா சுண்டி விடுற குத்து) பத்தி சொல்லியே ஆகணும். எங்க மாஸ்டர் எங்களுக்கு ஹோம்ஸ் வீடியோவத்தான் போட்டுக் காட்டுவாரு. மத்தவங்க மாதிரி கைய தாடைக்குப் பக்கத்துலேருந்து விடாம கொஞ்சம் கீழ வச்சிருந்து அங்கேருந்து சுண்டி விடுவாரு, எதிராளி கண்ணுக்கு அது தெரியுறப்ப க்ளவுஸ் மூக்குல இருக்கும், உடனே இன்னொண்ணு, அதோட வலது கை. நான் ரெண்டு வருஷம் முயற்சி பண்ணேன், கைய இறக்குனா அடி வாங்குறோம், ஏத்துனா அந்த வேகம் வர மாட்டேங்குது. பயங்கரமான காலு இருக்குறவனுக்குத்தான் அது செட்டாகும்.

தைரியத்துக்கு 1979 ஷேவர்ஸ் ஃபைட் போதும். ஏழாவது ரவுண்டுல ஷேவர்ஸ் வலது கைல ஒண்ணு விட்டாரு பாருங்க, ஹோம்ஸ் வேரோட சாஞ்ச மரம் மாதிரி விழுந்தாரு. அந்த அடிய வாங்குன முக்காவாசிப் பேர் எழுந்ததில்ல. இவரு எழுந்து, தாக்குப்பிடிச்சு, பதினோராவது ரவுண்டுல ஷேவர்ஸையே முடிச்சாரு.

பழைய மெட்ராஸ்:
தம்பிங்களா, என் கருத்து வேற. ஹோம்ஸை ஜனங்க மறந்ததுக்குக் காரணமே அலிதான். 1980 ஆரம்பத்துல அலி மெட்ராஸ் வந்தாரு, நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ்கூட காட்சி ஃபைட், எம்ஜிஆரும் வந்திருந்தாரு. எங்க பெரியப்பா நேர்ல பாத்தவரு, சாகுற வரைக்கும் அதையேதான் பேசிட்டு இருந்தாரு. அதே வருஷம் அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். 38 வயசு அலி, முன்னாடி ஹோம்ஸ். ஒரு காலத்துல அலிக்கே ஸ்பேரிங் பார்ட்னரா, அதாவது பயிற்சியில கூட மோதுற ஆளா இருந்த பையன். பத்து ரவுண்டும் அலியால ஒண்ணும் பண்ண முடியல, ஹோம்ஸ் அடிக்கவும் மனசில்லாம, நிறுத்தச் சொல்லி ரெஃப்ரியப் பாத்துப் பாத்து அடிச்சாரு. அலியோட ட்ரெயினர் ஏஞ்சலோ டண்டி ஃபைட்டை நிறுத்துனாரு. ஜெயிச்சவரு அழுதாரு. எங்க பெரியப்பா அதுக்கப்புறம் ஹோம்ஸ் பேரையே வீட்ல எடுக்க விடல. ஹோம்ஸ் என்னய்யா தப்பு பண்ணாரு? சாம்பியன், டைட்டில் ஃபைட், ஆடுனாரு. உலகம் பூராவும் எங்க பெரியப்பா மாதிரி கோடி பேர்.

ரெண்டு வருஷம் கழிச்சு வெள்ளைக்கார பாக்சர் கூனிகூட நடந்த ஃபைட்ல வெள்ளை கறுப்புன்னு சண்டைய மூட்டி வித்தாங்க. சாம்பியனைக் கடைசியா அறிமுகப்படுத்துறதுதான் வழக்கம், அன்னைக்கு ஹோம்ஸை முதல்ல கூப்பிட்டாங்க. பதிமூணாவது ரவுண்டுல கூனியை முடிச்சு பதில் குடுத்தாரு. அந்த அவமானத்த நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

பதினஞ்சாவது ரவுண்டு:
அண்ணே, கூனி விஷயத்துல முழுசா உங்க பக்கம். ஸ்பிங்ஸ்கூட ஆடுன ரெண்டாவது ஃபைட்ல ஜட்ஜுங்க ஸ்பிங்ஸுக்குக் குடுத்தாலும் அது ஹோம்ஸ் ஜெயிச்சதுன்னுதான் நானும் சொல்லுவேன், அதை நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்.

மணலி பாக்சர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். எனக்கு இன்னொரு விஷயமும் முக்கியமாப் படுது. 1988-ல டைசன் ஹோம்ஸை நாலாவது ரவுண்டுல நாக்கவுட் பண்ணாரு, 75 ஃபைட்ல அவரை நிறுத்துனது டைசன் ஒருத்தர்தான். அப்ப ஹோம்ஸுக்கு 38 வயசு, ரெண்டு வருஷமா ரிங்குக்கே வரல. அத்தோட முடிஞ்சதுன்னு நெனச்சவங்க முன்னாடி 42 வயசுல வந்து, தோல்வியே பாக்காத ஒலிம்பிக் கோல்ட் மெடலிஸ்ட் ரே மெர்சரை 12 ரவுண்டு ஜாப்லயே வச்சு ஜெயிச்சாரு. லூயிஸ், அலிக்கு அப்புறம் மூணாவது எடத்துக்கு ஃபோர்மனா ஹோம்ஸான்னுதான் இப்ப யோசிக்கிறேன். நார்ட்டன் ஃபைட் முழுசா பாக்காதவங்க சாயங்காலம் கிளப்புக்கு வாங்க, புரொஜக்டர் போடுறோம்.