உதவி: 24 இஞ்ச் ஆஃப்செட் ஸ்மோக்கர் ஆர்டர் கொடுக்கப் போறேன், இந்தக் கொட்டேஷன் சரியா?

கேட்டிவாசி:
வணக்கம். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில இருக்கோம். வீட்டுக்குப் பின்னாடி வைக்க ஒரு ஆஃப்செட் ஸ்மோக்கரை (நெருப்புப் பெட்டி பக்கவாட்டுல இருக்க, புகையில கறி வேக வைக்கிற இரும்பு அடுப்பு) உள்ளூர் வெல்டிங் கடையில சொல்லிச் செய்யலாம்னு இருக்கேன். ஒரே நேரத்துல 2 பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி), 3 ரேக் ரிப்ஸ் (விலா வரிசை) வைக்க முடிஞ்சா போதும். சில நாள் கோழி, ஆட்டுத்தொடை. முழுக்க விறகுதான், கரி கிடையாது. அவர் எழுதிக் கொடுத்தது:

சமையல் சேம்பர்: 24 இஞ்ச் பைப், 48 இஞ்ச் நீளம், கால் இஞ்ச் கனம்
ஃபயர்பாக்ஸ்: 18 × 18 × 18 இஞ்ச், 3/16 தகடு
காற்று வழி: கதவில் 3 இஞ்ச் வட்டத் துளை ஒண்ணு, மூடியோட
புகைபோக்கி: 4 இஞ்ச், சேம்பர் உச்சியில் கடைசி ஓரம்
தெர்மாமீட்டர்: கதவு நடுவுல ஒண்ணு
பெயின்ட்: முழுக்க கறுப்பு ஹீட் பெயின்ட்

விலை 3,400 டாலர், பாதி முன்பணம். ரிவர்ஸ் ஃப்ளோ வேணும்னா 350 டாலர் கூடும்னு சொல்றார். எடுக்கலாமா? இதுல எங்க இடிக்குது?

ரெண்டுநூல்:
சேம்பர் அளவு சரி. மத்த எல்லாமே அந்தச் சேம்பருக்குச் சின்னது.

முதல்ல ஃபயர்பாக்ஸ். சேம்பர் கன அளவுல மூணுல ஒரு பங்காவது இருக்கணும்கிறது வெல்டர்கள் வச்சிருக்கிற பழைய கணக்கு. உங்க சேம்பர் ஏறக்குறைய 21,700 கன இஞ்ச், அப்போ 7,200 வேணும். 18 இஞ்ச் பெட்டி 5,832தான் வரும். 20 × 20 × 20 கேளுங்க, 8,000 ஆகிடும். இன்னொரு காரணமும் இருக்கு. டெக்சஸ்ல விறகு பெரும்பாலும் 16 இஞ்ச் நீளத்துக்கு வெட்டி வருது. 18 இஞ்ச் பெட்டிக்குள்ள அதைப் போட்டா ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச்தான் மிச்சம். தணல் தள்ளி விடவோ, அடுத்த கட்டையைத் திருப்பிப் போடவோ இடமே இருக்காது.

தகடும் தலைகீழா இருக்கு. சேம்பருக்கு ரெண்டு நூல் (கால் இஞ்ச்), நெருப்பு எரியுற இடத்துக்கு ஒன்றரை நூலா (3/16)? அதிகமா சூடாகி வளையறது ஃபயர்பாக்ஸ்தான். அங்கதான் கால் இஞ்ச் கட்டாயம்.

காற்று வழிக்கு ஃபயர்பாக்ஸ் கன அளவை 0.003-ஆல பெருக்குங்க. 8,000-க்கு 24 சதுர இஞ்ச். 3 இஞ்ச் வட்டம் வெறும் 7. காற்று பத்தலைன்னா விறகு எரியாம பொகையும். வெள்ளையா, திரண்டு வர்ற புகை அதுதான். கறியில கரிக்கசப்பு ஏறிடும், நாக்கு மரத்துப்போற மாதிரி. கதவுல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஸ்லைடு வைக்கச் சொல்லுங்க.

ஃபயர்பாக்ஸ்ல இருந்து சேம்பருக்குப் போற வாயை அவர் எழுதவே இல்ல. அதுக்குக் கணக்கு 0.008, அதாவது 64 சதுர இஞ்ச். பைப்போட அடிவளைவுல 5 இஞ்ச் உயரத்துக்கு அரைநிலாவா வெட்டி, கீழே ஒரு இஞ்ச் மட்டும் விளிம்பா விட்டா 62 கிட்ட வரும். அந்த விளிம்பு இல்லைன்னா கொழுப்பு ஓடிப்போய் நெருப்புல விழும்.

புகைபோக்கி 4 இஞ்ச்னா திறப்பு 12.6 சதுர இஞ்ச். 6 இஞ்ச்னா 28. 6 எடுங்க, 3 அடி உயரம். உச்சியில இருந்து கிளம்பக் கூடாது. கம்பித் தட்டு மட்டத்துல பக்கச் சுவர்ல ஒரு பெட்டி வச்சு, அதுல இருந்து மேலே ஏறணும். உச்சியில வச்சா சூடு மேல்கூரையை ஒட்டியே ஓடி வெளியே போயிடும், கறி கீழே குளிர்ந்து கிடக்கும்.

போஸ்ட்ஓக்:
மேலே சொன்னது எல்லாம் சரி. ரிவர்ஸ் ஃப்ளோ பத்தி மட்டும் நான் சொல்றேன்.

அதுல சேம்பர் அடியில முழு நீளத்துக்கு ஒரு தகடு வரும். சூடு அதுக்குக் கீழ கடைசி வரை போய், திரும்பி மேல வந்து, ஃபயர்பாக்ஸ் பக்கமே இருக்கிற புகைபோக்கி வழியா வெளியேறும். இடது வலது வெப்ப வித்தியாசம் குறையும். ஆனா சூடேற நேரம் பிடிக்கும், எடை கூடும், இழுவை மந்தமாகும், கொழுப்பு அந்தத் தகட்டு மேல விழுந்து தீயும். 48 இஞ்ச் நீளத்துக்கு அது தேவையில்லை. நேர் ஓட்டமே போதும்.

நேர் ஓட்டத்துல ஃபயர்பாக்ஸ் ஓரம் 25 முதல் 50 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடு கூடத்தான் இருக்கும். அதைக் குறையா பார்க்காதீங்க. பிரிஸ்கெட்டோட கொழுப்பு தடிச்ச முனையை நெருப்புப் பக்கம் வைங்க. கோழித் தோல் மொறுமொறுன்னு வரணும்னா அதுவும் அந்தப் பக்கம். ரிப்ஸ் புகைபோக்கிப் பக்கம்.

அந்த 350 டாலரை வேற எதுல போடலாம்னா: தட்டு மட்டத்துல ரெண்டு தெர்மாமீட்டர். கதவோட ரெண்டு ஓரத்துலயும், கம்பித் தட்டுக்கு ஒண்ணு ரெண்டு இஞ்ச் மேல, அரை இஞ்ச் கப்ளிங் (மீட்டரைத் திருகி மாட்டுற குழாய்த்துண்டு) வச்சு வெல்டிங் பண்ணித் தரட்டும். கதவு நடு உச்சியில வச்ச மீட்டர் 275 காட்டும்போது கறி இருக்கிற இடம் 235-ஆ இருக்கலாம்.

கேட்டிவாசி:
ரொம்ப நன்றிங்க. அவர்கிட்ட பேசினேன். ஃபயர்பாக்ஸ் 20, புகைபோக்கி 6 ஒத்துக்கிட்டார், 450 டாலர் கூடுது. இன்னொரு யோசனையும் சொன்னார்: பைப்புக்குப் பதிலா பழைய 120 கேலன் புரொபேன் டாங்க் கிடைக்குது, அதுல செஞ்சா விலை குறையும்னு. பாதுகாப்பா?

ரெண்டுநூல்:
டாங்க்ல செஞ்சது மோசம்னு இல்ல. டெக்சஸ் பார்பிக்யூ கடைகள்ல பெருசா நிக்கிறதுல நிறைய புரொபேன் டாங்க்தான், 500, 1,000 கேலன்னு. வெட்டுறவருக்கு முறை தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். வால்வைக் கழட்டி, உள்ளே தண்ணி நிரப்பி, மிச்ச வாயு துளியும் இல்லைன்னு உறுதி பண்ணிட்டுத்தான் முதல் வெட்டு. "திறந்து வெயில்ல போட்டிருந்தேன், போதும்"னு சொல்ற ஆள்கிட்ட செய்யாதீங்க. நீங்களா வெட்டுற எண்ணமே வேண்டாம்.

ரெண்டாவது, வாசனை. கசிவு தெரியணும்னு புரொபேன்ல கலக்கிற எத்தில் மெர்காப்டன் இரும்புல ஒட்டிக்கும். உள்ளே பலமா ஒரு தடவை விறகு எரிச்சு எடுக்கணும். நிக்க வைக்கிற 120 கேலன் டாங்க்னா 30 இஞ்ச் விட்டம். அப்போ மேலே போட்ட கணக்கு எல்லாம் மாறும், ஃபயர்பாக்ஸும் பெரிசாகணும். மிச்சமாகிற காசு விறகுல போயிடும். புது பைப்பே எடுங்க.

இன்னொண்ணு: எங்கயும் கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசின) சாமான் வேண்டாம், உள் தட்டுக்குக்கூட. சூட்டுல துத்தநாகப் புகை வரும்.

ஹில்கன்ட்ரி:
ஒரு மாற்றுக் கருத்து. ஃபயர்பாக்ஸை ரெட்டைச் சுவரா, நடுவுல செராமிக் கம்பளி வச்சு செய்யச் சொல்லலாமே? விறகு நல்லா மிச்சமாகும், பக்கத்துல பிள்ளைங்க நின்னாலும் பயமில்ல.

போஸ்ட்ஓக்:
குளிர் ஊருக்கு அது நல்ல யோசனை. ஹூஸ்டன் வெயிலுக்கு 2 நூல் தகடே போதும். சுவர் சூட்டைப் பிடிச்சு வச்சா சேம்பர் 300-ஐத் தாண்டிடும். அதை அடக்க சின்ன நெருப்பா வைப்பாங்க, காற்றையும் மூடுவாங்க, புகை அழுக்காகும். பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா நீங்க சொல்றது நியாயம். ஆனா மழைத்தண்ணி கம்பளிக்குள்ள இறங்காம முழு வெல்டிங் வேணும், இல்லைன்னா உள்ளேயே துருப்பிடிச்சு ஓட்டையாகும்.

ரெண்டுநூல்:
முன்பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி அளவு போட்ட வரைபடம் எழுத்துல வாங்குங்க. பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி வெல்டிங் படம் அனுப்பச் சொல்லுங்க. அதிகமா கெட்டுப்போறது சேம்பர் கதவு. பைப்பை முழுசா வெட்டி எடுத்தா உள்ளே இருக்கிற இறுக்கம் விட்டு, வளைவு மாறிக்கும். அப்புறம் மூலையில விரல் நுழையற இடைவெளி. தெரிஞ்சவர் கதவோட மேல் விளிம்பை மட்டும் வெட்டி, கீலைப் பொருத்தி, சுற்றிலும் பட்டை ஒட்டின பிறகுதான் மீதியை வெட்டுவார். வாங்கும்போது ஒரு டாலர் நோட்டைக் கதவு இடுக்குல வச்சு மூடி இழுத்துப் பாருங்க. நாலு ஓரத்துலயும் பிடிப்பு தெரியணும். லேசா புகை கசியறது பரவாயில்ல, நோட்டு வழுக்கி வந்தா திருப்பிக் கொடுங்க.

ஃபயர்பாக்ஸ் உள்ளே விறகுத் தட்டு அதோட அடித்தகட்டுல இருந்து 3, 4 இஞ்ச் உயரத்துல இருக்கணும். வலைத் தகடு போட்டா ஆறு மாசத்துல தொய்ஞ்சிடும். 4 நூல் சதுரக் கம்பி கேளுங்க. சேம்பர் அடியில, புகைபோக்கிப் பக்கம், ஒரு இஞ்ச் வடிகால் குழாயும் வால்வும். முழு சாமானையும் அந்தப் பக்கம் லேசா சாய்ச்சு நிறுத்தணும்.

ஃபயர்பாக்ஸ் மேல பெயின்ட் நிக்காது, எந்த பிராண்டும். அந்தப் பகுதியை வெறும் இரும்பா விட்டு, சூடா இருக்கும்போது எண்ணெய் துணியால துடைச்சுக்கங்க.

போஸ்ட்ஓக்:
முதல் நாள்: சேம்பர் உள்புறம் முழுக்க கனோலா எண்ணெய் மெல்லிசா பூசி, 250 டிகிரில மூணு, நாலு மணி நேரம் எரிக்கணும். கறி வைக்காதீங்க. அடுத்த தடவை, குழல் டப்பால விக்கிற பிஸ்கட் மாவை வாங்கி, தட்டுல இடமிருந்து வலமா வரிசையா வச்சு 275-ல பாருங்க. எது கறுத்துச்சு, எது வெளுத்துச்சுன்னு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. உங்க ஸ்மோக்கரோட வெப்ப வரைபடம் அதுதான்.

விறகு: பிளந்து காய்ஞ்ச போஸ்ட் ஓக் (ஒரு வகை ஓக் மரம்), ஈரம் 15 முதல் 20 சதவீதம். ஈரம் பார்க்கிற மீட்டர் விலை குறைவுதான், வாங்கிடுங்க. கட்டையைப் புதுசா பிளந்து உள்பக்கம் குத்திப் பார்க்கணும். வெளித்தோல்ல பார்த்தா பொய் சொல்லும். சூளையில காய வச்ச விறகு 10 சதவீதத்துக்கும் கீழ இருந்தா பொசுக்குன்னு எரிஞ்சு சூடு எகிறும். மணிக்கட்டுத் தடிமனுக்கு இருந்தா 35, 45 நிமிஷத்துக்கு ஒண்ணு. போடறதுக்கு முன்னாடி ஃபயர்பாக்ஸ் மேலயே வச்சு சூடாக்கிடுங்க, விழுந்த உடனே பத்திக்கும். புகைபோக்கி டேம்பரை (மூடியை) எப்பவும் முழுசா திறந்தே வைங்க.

சமைச்சு முடிஞ்சா சாம்பலை மறுநாளே அள்ளிடுங்க. மழை ஈரம் பட்ட சாம்பல் இரும்பை அரிக்கும்.

கேட்டிவாசி:
எல்லாம் எழுதி அவருக்கு அனுப்பிட்டேன். வைக்கற இடம்: வீட்டுச் சுவர்ல இருந்து 12 அடி, கான்கிரீட் கல் தளம். கொண்டு வந்து இறக்கறதுல ஏதாவது பார்க்கணுமா?

ரெண்டுநூல்:
இடம் சரி. மர டெக் மேல மட்டும் வேண்டாம். காற்று வாய் தென்கிழக்கைப் பார்த்தா நல்லது, வளைகுடாக் காற்று அந்தப் பக்கம்தான். வீட்டுச் சங்க விதியையும் கோடையில கவுன்ட்டி எரிப்புத் தடையையும் ஒருமுறை பார்த்துடுங்க.

எடை: கால் இஞ்ச் தகடு சதுர அடிக்கு 10.2 பவுண்ட். சேம்பர், ஃபயர்பாக்ஸ் மட்டுமே 500 பவுண்ட் கிட்ட. கால், தட்டு, கதவுக் கைப்பிடி எல்லாம் சேர்த்து 600, 700 ஆகும். லாரிக்காரர் லிஃப்ட்கேட்ல (லாரிப் பின்பக்க இறக்குத் தட்டு) இறக்கித் தெருவோரம் விட்டுட்டுப் போயிடுவார். ஃபயர்பாக்ஸ் பக்கம் இரும்புச் சக்கரம் கேளுங்க, காற்றடிச்ச ரப்பர் டயர் சூட்டுல நிக்காது. பக்கவாட்டு கேட்டை இன்னைக்கே அளந்து பாருங்க: 24 இஞ்ச் பைப்போட முன் ஷெல்ஃப் 12 இஞ்ச் சேர்ந்தா 36, கேட் பெரும்பாலும் அதே 36. ஷெல்ஃபை வெல்டிங் வைக்காம போல்ட்ல மாட்டித் தரச் சொல்லுங்க.