டிஜிட்டலா, அனலாகா? பாயின்ட் மேல் இன்ஜின் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். என்னிடம் இருப்பது எச்ஓ அளவு மாடல் ரயில். ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு லூப் லைன், நான்கு இன்ஜின்கள். சாதாரண 12 வோல்ட் டிசி கண்ட்ரோலரில் ஓட்டுகிறேன். ஒரு இன்ஜினை லூப்பில் நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓட்டலாம் என்று குமிழைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்தே கிளம்புகின்றன. அப்புறம், சின்ன ஷன்டிங் இன்ஜின் மெதுவாகப் போனால் பாயின்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) நடுவில் நின்றுவிடுகிறது. விரலால் தள்ளினால்தான் நகரும். டிஜிட்டலுக்கு மாறினால் இரண்டுமே சரியாகுமா? நான்கில் ஒன்று அப்பா வாங்கிய பழைய இன்ஜின். அதை ஒதுக்க மனமில்லை.

பதில் 1:
முதல் பிரச்சினை தீரும், இரண்டாவது தீராது. இன்னும் மோசமாகவும் ஆகலாம்.

அனலாகில் நீங்கள் ஓட்டுவது தண்டவாளத்தைத்தான், இன்ஜினை அல்ல. தண்டவாளத்துக்கு எத்தனை வோல்ட் போகிறதோ, அதன் மேல் நிற்கிற எல்லா மோட்டாருக்கும் அதுவே போகும். டிஜிட்டலில் தண்டவாளத்தில் எப்போதும் ஏறக்குறைய 15 வோல்ட் இருக்கும், கட்டளையும் அதிலேயே கலந்து வரும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் இருக்கும் டீகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். புது டீகோடரில் அந்த எண் பொதுவாக 3. ஒவ்வொன்றுக்கும் வேறு எண் கொடுத்துவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு ரயில் போதும் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம். லூப்பின் ஒரு பக்கத் தண்டவாளத்தை இரு முனையிலும் வெட்டி, பிளாஸ்டிக் இணைப்பான் போட்டு, ஒரு சுவிட்ச் வழியாக மின்சாரம் கொடுங்கள். ஒரே லைனில் இரண்டு ரயிலைத் தனித்தனி வேகத்தில் ஓட்ட ஆசை இருந்தால் டிஜிட்டல்தான்.

பாயின்ட்டில் நிற்பதற்குக் காரணம் அழுக்கு, அல்லது நடுவிலுள்ள பிளாஸ்டிக் துண்டு. டிஜிட்டலில் அங்கே மின்சாரத்தோடு கட்டளையும் அறுந்துபோகும். முதலில் சுத்தம் செய்து பாருங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, பாதிச் சக்கரங்களைத் துணி மேலும் மீதியைத் தண்டவாளத்திலும் வைத்து, இன்ஜினைப் பிடித்துக்கொண்டு ஓட விடுங்கள். பிறகு திருப்பி வைத்து மறு பாதியையும் துடையுங்கள்.

பதில் 2:
பழைய இன்ஜினைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அவசரப்பட்டு டீகோடர் மாட்டிவிடாதீர்கள். அந்தக் கால இன்ஜின்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கரித்துண்டு) நேராகச் சாசியை, அதாவது இன்ஜினின் உலோகச் சட்டத்தை, தொட்டுக்கொண்டிருக்கும், சாசி ஒரு பக்கத் தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கும். அப்படியே மாட்டினால் டீகோடர் கருகிவிடும். மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிரஷுக்கும் சக்கரங்களுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் அந்தப் பிரஷைச் சாசியிலிருந்து பிரித்தாக வேண்டும். 12 வோல்ட்டில் சக்கரத்தை ஒரு நொடி பிடித்து நிறுத்தி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்றும் பாருங்கள். டீகோடர் அதைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

டீகோடர் இல்லாமல் டிஜிட்டல் தண்டவாளத்தில் அதை நிறுத்தி வைக்கவே கூடாது. மோட்டார் ரீங்காரமிட்டுச் சூடேறும்.

கேட்டவர்:
துணியில் இரண்டு கறுப்புக் கோடுகள்! இவ்வளவு அழுக்கா என்று ஆகிவிட்டது. ஷன்டிங் இன்ஜின் இப்போது ஊர்ந்து போனாலும் நிற்காமல் கடக்கிறது. பழைய இன்ஜினில் ஒரு பிரஷுக்குப் பீப் வந்தது. மற்ற மூன்றிலும் டீகோடரைச் செருகும் 8 முனை சாக்கெட் இருக்கிறது, அவற்றை டிஜிட்டலுக்கு மாற்றப் போகிறேன். பழையதை மட்டும் லூப்பில் அனலாகிலேயே ஓட்டலாமா?

பதில் 1:
வேண்டாம். எல்லையில் ஒரு சக்கரம் இரண்டு பக்கத்தையும் தொட்டால் ஒரு கண்ட்ரோலரின் மின்சாரம் மற்றதில் பாயும், இரண்டுமே போய்விடலாம். மொத்த லைனுக்கும் ஒரே இருமுனை சுவிட்ச் வையுங்கள்: ஒரு பக்கம் அனலாக், மறுபக்கம் டிஜிட்டல், நடுவில் ஆஃப். அப்பாவின் இன்ஜின் ஓடும்போது மற்ற மூன்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். டிஜிட்டலுக்குத் திருப்புமுன் அதை எடுக்க மறக்காதீர்கள்.