நான்கடித் தொட்டிக்குக் கேனிஸ்டர் ஃபில்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

சத்துவாச்சாரி வாசகர்:
வணக்கம். எங்கள் வீட்டில் நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியில் ஆறு கோல்டு ஃபிஷ் வளர்க்கிறோம். உள்ளே மாட்டியிருக்கும் ஃபில்டரின் ஸ்பாஞ்சை நான்கு நாளுக்கு ஒரு முறை பிழிந்தும் தண்ணீர் தெளியவில்லை என்பதால், தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டரான கேனிஸ்டருக்கு மாற எண்ணியுள்ளேன். அட்டைப்பெட்டியில் மணிக்கு 1000 லிட்டர் என்று போட்டிருப்பதைக் காட்டி, இதுவே தாராளம் என்கிறார் கடைக்காரர். போதுமா? மாதம் ஒரு முறை திறந்து, எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டால் சரியா?

காட்பாடி வாசகர்:
உங்கள் தொட்டி விளிம்புவரை ஏறத்தாழ 255 லிட்டர் பிடிக்கும். பெட்டியில் உள்ள எண், உள்ளே ஸ்பாஞ்சோ, பாக்டீரியாக்கள் தங்கும் செராமிக் வளையமோ இல்லாமல், தண்ணீரை மேலே ஏற்றும் சுமையும் இல்லாமல் கணக்கிட்டது. நிரப்பி, தொட்டிக்கு அடியில் ஸ்டாண்டுக்குள் வைத்து ஓட்டும்போது கணிசமாகக் குறைந்துவிடும். கோல்டு ஃபிஷ் அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன் என்பதால், மணிக்கு 1500 லிட்டருக்குக் குறையாததை வாங்குங்கள். அந்த எண்ணைவிட, வளையங்கள் கொள்ளும் வயிறு எவ்வளவு பெரியது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

குழாய்த் தண்ணீரில் மட்டும் அலசாதீர்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரில் உள்ள குளோரின், மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை மாற்றித் தரும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் பிடித்து, ஸ்பாஞ்சை அதில் பிழியுங்கள். வளையங்களைச் சில மாதங்களுக்கு ஒரு முறை அதே தண்ணீரில் லேசாகக் குலுக்கினால் போதும்.

குடியாத்தம் வாசகர்:
அண்ணன் சொன்னதோடு மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேனிஸ்டர் மூடிய பெட்டி; மோட்டார் நின்றதும் உள்ளிருக்கும் பாக்டீரியாக்கள் மிச்சமுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மடியத் தொடங்கும். போன கத்திரி வெயிலில் இரவு போன மின்சாரம் விடியற்காலையில்தான் வந்தது. மோட்டார் தானாக ஓடத் தொடங்கியதும் அழுகிய முட்டை நாற்றத்துடன் பழுப்புத் தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்து, மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதந்தன. பாதித் தண்ணீரை மாற்றித்தான் காப்பாற்றினேன். சில மணி நேரம் நின்றிருந்தால், பிளக்கைப் பிடுங்கி, உள்ளே உள்ள தண்ணீரைக் கொட்டி, அலசிய பிறகே ஓட்டுங்கள்.

எங்கள் போர்வெல் தண்ணீரில் தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரின் காந்தத்தில் வெள்ளை உப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் படிகிறது. வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போய்விடும். நடுவில் உள்ள செராமிக் தண்டை மட்டும் பார்த்துக் கையாளுங்கள், ஒடிந்துவிடும். மூடியில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ்தான். வாசலின் தடவினால் ரப்பர் உப்பிவிடும்.

சத்துவாச்சாரி வாசகர்:
மிக்க நன்றி. வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்கலாமா?

காட்பாடி வாசகர்:
தாராளமாக. இந்த அளவு கேனிஸ்டர் ஒரு மின்விசிறி இழுக்கும் மின்சாரத்தைக்கூட இழுக்காது. வயரை மட்டும் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கவிடுங்கள். ஹோஸில் கசியும் நீர் பிளக்குக்குள் இறங்காமல் கீழே சொட்டும்.

சத்துவாச்சாரி வாசகர்:
ஸ்டாண்டின் உள்ளுயரத்தை இப்போதுதான் அளந்தேன்: பதினாறு அங்குலம். நான் பார்த்து வைத்த கேனிஸ்டரே பதினைந்து அங்குலம் இருப்பதால், ஹோஸை வளைக்கவே இடமில்லை. குட்டையும் அகலமுமான மாடல் கிடைக்கிறதா என்று நாளை கேட்கிறேன்.